ஆசானின் கையெழுத்துக்கு எந்தக் கத்தி?

என் மருமகன், அதாவது அக்காவின் மகன், சுவிஸில் பீல் நகரத்து இயந்திரப் பட்டறை ஒன்றில் நான்கு வருட பாலிமெக்கானிக், அதாவது இயந்திர உதிரிப்பாகங்கள் செய்யும் தொழில், பயிற்சியை முடிக்கும் கட்டத்தில் இருந்தான். அவனைப் பழக்கிய ஆசான் அதே கோடையில் 65 வயதில் ஓய்வு பெறவிருந்தார். அவருடைய கையெழுத்து உள்ள ஒரு மடக்குக் கத்தி தன் பையில் எப்போதும் இருக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. எந்தக் கத்தியை வாங்கலாம் என்று என்னிடம் வந்து கேட்டான். கத்திகளில் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் உண்டு என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இங்கே வளரும் பிள்ளைக்கு இந்த ஆசை வருவது இயல்பு. சுவிஸ் இராணுவம் 1891 முதல் தன் வீரர்களுக்கு மடக்குக் கத்தி கொடுத்துவருகிறது. முதல் தொகுதி ஜெர்மனியின் ஸோலிங்கனில் செய்யப்பட்டது. நம் இராணுவத்துக்கு வெளிநாட்டுக் கத்தியா என்று ஷ்விஸ் மாநிலத்து இபாக் ஊர்க் கத்திக்காரர் கார்ல் எல்ஸனர் களத்தில் இறங்க, வேலை சுவிஸுக்குள் வந்தது. அவருடைய பட்டறைதான் பிறகு விக்டோரினொக்ஸ் ஆனது. 1908 முதல் இராணுவத்தின் கொள்வனவை இரண்டு பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்கு ஜெர்மன் பேசும் இபாக்குக்கு, மற்றது பிரெஞ்சு பேசும் ஜூரா பக்கத்தில் டெலெமோன் ஊரின் வெங்கருக்கு. 2005-இல் விக்டோரினொக்ஸ் வெங்கரை வாங்கிய பிறகு இந்தப் பங்கீட்டுக்கு வேலையில்லாமல் போனது.

இந்த வரலாற்றை இங்கே சொல்லக் காரணம், ஆசான் டெலெமோன்காரர். 1980-இல் இராணுவப் பயிற்சிக்குப் போனபோது கிடைத்த வெங்கர் கத்தி இன்னும் அவருடைய வேலை மேலங்கியின் பையில் கிடக்கிறது. அலுமினியப் பிடி போட்ட 1961 மாதிரி. 93 மில்லிமீட்டர் நீளம், அலகின் அடியில் ஆண்டைக் குறிக்கும் '80' முத்திரை. பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும் முதல் வாரமே அந்தக் கத்தியைப் பார்த்துவிடும். பொதி உடைப்பதும் ஆப்பிள் வெட்டுவதும் அதில்தான்.

மருமகனின் முதல் ஆசை அந்தக் கத்தியே தனக்குக் கிடைக்க வேண்டும் என்பது. அது நடக்காது என்று அவனுக்கே தெரியும். அதற்குப் பிறகு அவன் ஒரு பட்டியல் வைத்திருந்தான்: விக்டோரினொக்ஸின் சிவப்புப் பிடி ஸ்பார்டன், வால்நட் மரப்பிடி போட்ட ஒன்று, ஆண்டுதோறும் குறைந்த எண்ணிக்கையில் வரும் டமாஸ்க் அலகுக் கத்தி, இன்றைய இராணுவக் கத்தி, கடைசியாகச் சந்தையில் தேடக்கூடிய பழைய 1961 மாதிரி.

நான் பட்டியலைப் பார்க்கவில்லை. கையெழுத்தை எதனால், எதன் மேல் போடப்போகிறாய் என்று கேட்டேன். அவனிடம் பதில் இல்லை. பெரும்பாலானோர் செய்வது இதுதான். மனதுக்குப் பிடித்த கத்தியை வாங்கிவிட்டு, கையெழுத்து போடுபவர் முன்னால் ஒரு மார்க்கர் பேனாவை நீட்டுவார்கள். அந்த மை சில மாதங்களில் போய்விடும். பிறகு கத்தியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டியதுதான்.

பிடியா, அலகா

மார்க்கர் மை பொருளின் மேலே உட்காரும், உள்ளே இறங்காது. பையில் சாவியோடும் சில்லறையோடும் உரசும், கை வியர்வை படும். துடைக்கிற ஸ்பிரிட் ஒரு சொட்டுப் பட்டால் கதை முடிந்தது. மேலே வார்னிஷ் பூசினால் கொஞ்ச நாள் தாங்கும், பிறகு வார்னிஷே உரியும். தினமும் பாவிக்கப்போகும் கத்தியென்றால் கையெழுத்து பொருளுக்குள் இறங்கியிருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

அடுத்தது இடம். பிடியில் போட்டால் எல்லோரும் பார்க்கலாம், ஆனால் தேய்வதும் முதலில் அங்கேதான். ஸ்பார்டனின் சிவப்புப் பிடி செல்லிடோர் என்ற பிளாஸ்டிக். வழவழப்பாக இருப்பதால் எழுத வசதி. ஆனால் பையிலேயே வைத்துப் பாவித்தால் ஓரிரு வருடத்தில் கீறல் மேல் கீறலாகி, அதில் மெல்லிய கோடு எது, கீறல் எது என்று பிரித்தறிய முடியாது. மரப்பிடி பார்க்க அழகு. ஆனால் மை ரேகையோடு பரவும். சூட்டு ஊசியால் எழுதலாம், அதற்குப் பழகிய கை வேண்டும். அலுமினியப் பிடியில் சின்னச் சின்னக் கட்டமாகப் புடைப்பு வேலை இருக்கிறது. வழுக்காமல் பிடிக்க அது நல்லது, கையெழுத்துக்கு எதிரி. 84 மில்லிமீட்டர் கெடெட் மாதிரியில் எழுத்து வெட்டவென்றே சிறிய வழவழப்பான கட்டம் ஒன்று விட்டிருக்கிறார்கள். பெயரின் முதலெழுத்துகளுக்கு அது போதும். ஆசானின் கையெழுத்தோ இடமிருந்து வலமாக நீண்டு ஓடி, கடைசியில் கீழே ஒரு சுழியோடு முடியும். அதைச் சுருக்கினால் அவருடையதாகத் தெரியாது.

அலகுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. கத்தியை மடித்ததும் அது பிடிக்குள் போய்விடும். சாவியும் சில்லறையும் அதைத் தொடாது. கோடு உலோக மட்டத்துக்குக் கீழே இருந்தால், திறந்து மூடும்போது பக்கத் தகட்டில் லேசாக உரசினாலும் கோட்டுக்கு ஒன்றும் ஆகாது. தீட்டும்போது தேய்வது வாய்ப்பகுதி, அதாவது வெட்டும் விளிம்பு, மட்டுமே என்பதால், முதுகை ஒட்டி எழுதினால் பல வருடத் தீட்டலுக்கும் தாங்கும்.

சிக்கல் எஃகின் கடினம். விக்டோரினொக்ஸ் அலகுகள் உலோகக் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 56 பக்கம் இருக்கும். ஆசான் வாழ்நாள் முழுக்கக் கோடு கீறிய மனிதர், அவர் மேசையில் கார்பைடு முனை கீறூசி எப்போதும் இருக்கும். அதனால் மருமகன் முதலில் நினைத்தது நேரடியாக அந்த ஊசியாலேயே எழுதுவது. கார்பைடு இந்த எஃகைக் கீறும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அளவுகோலை ஒட்டி நேர்கோடு போடுவது வேறு, கடினமான அலகில் வளைவு போடுவது வேறு. அழுத்தம் கூடும் இடத்தில் ஊசி வழுக்கி ஓடும், சுழி கோணலாகும். ஒரு தடவை தவறினால் அழிக்க வழியில்லை. ஊரில் பாத்திரக்கடையில் பெயர் வெட்டும் அதிர்வூசியும் நினைவுக்கு வந்தது. அதில் கோடு புள்ளிபுள்ளியாக வரும். எவர்சில்வர் குடத்தில் 'அன்பளிப்பு' என்று பெரிதாக வெட்ட அது போதும், வேகமாக ஓடும் கையெழுத்துக்குச் சரிப்படாது.

லேசர்தான் எல்லோரும் சொல்லும் வழி. காகிதத்தில் கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்து கொடுத்தால் மயிரிழை பிசகாமல் அலகில் ஏறும். கை நடுங்கும் வயதானவர்களிடம் வாங்குவதென்றால் நானே அதைத்தான் சொல்வேன். அவர்கள் ஆறுதலாக ஒரு தாளில் பலமுறை எழுதலாம், நல்லதைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: எஃகைச் சூடாக்கிக் கறுப்பாக்கும் முறையில் செய்தால் அந்தக் கோட்டில் துருத்தாங்கும் குணம் குறையும். கழுவித் துடைத்து வைக்கப் பழகாதவருக்கு அது நாளைக்குத் துருக்கோடாகலாம்.

ஆனால் மருமகன் ஒரே வார்த்தையில் லேசரை வேண்டாம் என்றான். "அவற்ர கை பட்டதாய் இருக்கவேணும், மாமா. படத்தை நான் போனிலையும் வச்சிருக்கலாம்." பிடிவாதம்தான், ஆனால் நியாயமான பிடிவாதம்.

அமிலமில்லாமல் அரிப்பது

அதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. செப்புத் தகட்டுச் சித்திரக்காரர்கள் சில நூற்றாண்டுகளாகச் செய்வது. உலோகத்தின் மேல் ஒரு பூச்சு, பூச்சை ஊசியால் கீறினால் கோட்டில் மட்டும் உலோகம் வெளியே தெரியும், பிறகு அந்த இடத்தை அரிக்க விடுவது. கை எஃகோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. மென்மையான பூச்சை மட்டும் வெட்டுகிறது, அதனால் பேனா ஓடுவதுபோல ஊசி ஓடும். எழுத்து திருப்தியில்லையா, பூச்சைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பூசலாம். கையெழுத்து போடுபவரின் பதற்றம் பாதி அங்கேயே போய்விடும். இந்த ஒரு காரணத்துக்காகவே மற்ற எல்லா முறைகளையும் விட இது மேல் என்பேன்.

அமிலம் தேவையில்லை. உப்புத் தண்ணீரும் 9 வோல்ட் மின்கலமும் போதும். கத்தியை நேர்முனையில் இணைத்து, எதிர்முனைக் கம்பியில் பஞ்சு சுற்றி உப்புத் தண்ணீரில் நனைத்து, திறந்திருக்கும் கோட்டின் மேல் ஒற்ற வேண்டும். மின்னோட்டம் பாயும்போது நேர்முனையில் இருக்கும் எஃகு கரைந்து பஞ்சுக்குள் வரும். பஞ்சு கறுப்பதைக் கண்ணால் பார்க்கலாம். நேர்மின்னோட்டம் கோட்டை ஆழமாக்கும், மாறுமின்னோட்டம் அதைக் கறுப்பாக்கும். பட்டறைகளில் கருவிகளுக்கு எண் போடும் சிறு இயந்திரங்களில் இரண்டும் இருப்பது அதனால்தான்.

செய்ய நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உப்புத் தண்ணீரிலிருந்து கொஞ்சம் குளோரின் வரும், துருப்பிடிக்காத எஃகிலிருந்து குரோமியச் சேர்மங்கள் கரையும். ஜன்னலைத் திறந்துவைத்து, கையுறை போட்டு, சமையல் மேசையை விட்டு வேறு இடத்தில் செய்ய வேண்டும். பஞ்சையும் துடைத்த காகிதத்தையும் கட்டி எறிய வேண்டும், மிஞ்சிய உப்புத் தண்ணீரைக் கழுவுதொட்டியில் ஊற்றக் கூடாது.

இப்போது கத்தி

முறை முடிவானதும் பட்டியல் தானாகவே சுருங்கியது.

டமாஸ்க் முதலில் போனது. அந்த அலகின் அழகே அதன் அலையலையான கோடுகள். அதன் மேல் மெல்லிய கையெழுத்தைப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். அதற்குச் சில நூறு பிராங்க் கொடுப்பது காசை எறிவது. இன்றைய இராணுவக் கத்தி, அதாவது 2008 மாதிரி, 111 மில்லிமீட்டர் நீளம். ஒரே கையால் திறக்க அலகில் பெரிய துளை, வாயில் பாதி தூரம் பல்வெட்டு. வேலைக்கு நல்ல கத்தி. எழுத இடம் எங்கே என்று தேட வேண்டும். மரப்பிடிக் கத்தியும் ஸ்பார்டனும் அலகளவில் சரிதான், இரண்டும் 91 மில்லிமீட்டர் குடும்பம். ஆனால் ஆசானோடு அவற்றுக்கு ஒரு தொடர்பும் இல்லை.

மிஞ்சியது 93 மில்லிமீட்டர் அலுமினியக் குடும்பம். தடித்த, அகலமான, தட்டையான அலகு. அதில் இரண்டு வழி. இன்றும் கடையில் கிடைக்கும் பயனியர் புதிதாக வாங்கலாம், அல்லது பழைய இராணுவக் கத்தி ஒன்றைத் தேடலாம். நான் புதியதன் பக்கம் நின்றேன். புது அலகு என்றால் கீறல் இல்லை, முகம் முழு அகலமாக இருக்கும், கையெழுத்து தெளிவாகத் தெரியும். சாவி வளையமும் உண்டு, இராணுவக் கத்தியில் அது கிடையாது. மருமகனுக்கு வெங்கர் முத்திரையும் ஆண்டும் வேண்டும். வெங்கர் பெயரில் இராணுவக் கத்தி இனி வரப்போவதில்லை என்பதும் அவன் பக்கத்து வாதம்.

சரி, போய்ப் பார்ப்போம் என்று பழம்பொருள் சந்தைக்குப் போனோம். 1961 மாதிரி 2008 வரை கொடுக்கப்பட்டது, அதனால் இங்கே அது அரிய பொருளல்ல. வீட்டு இழுப்பறைகளிலிருந்து வந்து மேசை மேசையாகக் கிடக்கும். அவன் தேடியது '76', ஆசான் பயிற்சிப் பிள்ளையாகப் பட்டறைக்குள் நுழைந்த ஆண்டு. ஒன்று கிடைக்கவும் செய்தது. அவன் முகம் மலர்ந்துவிட்டது, நான்தான் கெடுத்தேன்.

பழைய மடக்குக் கத்தியில் எவ்வளவு எஃகு மிச்சம் என்பதைப் பார்க்க ஒரு வழி உண்டு. நகம் வைத்து இழுக்கும் பள்ளத்திலிருந்து வாய் வரை எவ்வளவு தூரம் என்று புதிய அலகோடு ஒப்பிட வேண்டும். கையோடு என் பயனியரைக் கொண்டுபோயிருந்தேன். அந்த '76' யாரோ கல்லில் ஓயாமல் தீட்டிய கத்தி. அகலத்தில் நல்ல பங்கு போயிருந்தது, வாயின் வளைவும் மாறி நுனி ஒல்லியாகியிருந்தது. மடித்தபோது நுனி பிடிக்கு வெளியே லேசாகத் தலைகாட்டியது. தீட்டித் தீட்டித் தேய்ந்த அலகில் இப்படி வரும், பையில் விரல் விட்டால் குத்தும். கையெழுத்துக்கு மிஞ்சிய இடமோ ஒரு கோடு அகலம்.

இன்னொரு மேசையில் '80' வெங்கர் ஒன்று கிடந்தது. பிடியில் உரசல்கள், திறப்பான் முனை கொஞ்சம் மழுங்கல். ஆனால் அலகு கிட்டத்தட்ட முழு அகலம். வாங்கியவர் அதை இழுப்பறையிலேயே போட்டிருக்க வேண்டும். திறந்து மூடும்போது வில் டக்கென்று பிடித்தது, அலகு பக்கவாட்டில் ஆடவில்லை. ஆசானின் மேலங்கிப் பையில் இருப்பதன் ஜோடி. என் பயனியர் வாதம் அங்கே தோற்றது. தோற்றதில் வருத்தமில்லை. அலகு மட்டும் தேய்ந்திருந்தால் நான் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன்.

எழுதிய விதம்

முதலில் பழைய காய்வெட்டும் கத்தி ஒன்றில் முறையைச் சோதித்தோம். அதில் தெரிந்த முக்கியமான விஷயம், அரிப்பு கீழே மட்டும் போகாது, பக்கவாட்டிலும் போகும். நேரம் கூடினால் மெல்லிய கோடு தடித்து, சுழிக்குள் இருக்கும் சிறு வெளி அடைபட்டுவிடும். ஒரேயடியாக அழுத்திப் பிடிக்காமல் சில நொடி ஒற்றி, எடுத்து, துடைத்து, பார்த்து, மறுபடி ஒற்றுவதுதான் சரி. பூச்சு பற்றியும் ஒன்று தெரிந்தது. நாங்கள் எடுத்தது கறுப்பு நெயில் பாலிஷ். நன்றாகக் காய்ந்து இறுகினால் ஊசிக்கு அது செதில் செதிலாக உடையும். தொட்டால் ஒட்டாத அளவுக்கு மட்டும் காய்ந்திருக்கும்போது கோடு சுத்தமாக வெட்டும்.

கத்தியை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஸ்பிரிட்டால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, நகப்பள்ளம் இல்லாத பக்கத்தில், முதுகை ஒட்டி ஒரு மெல்லிய பூச்சு. வாய் முழுவதும் தடித்த ஒட்டுநாடா. கையெழுத்து போட வருபவரின் விரலை வெட்டிவிட்டால் எல்லாம் கெட்டுவிடும். பிடியையும் மடிப்பு மூட்டையும் தனியாக நாடாவால் சுற்றினோம், ஏனென்றால் உப்புத் தண்ணீர் அலுமினியத்தை அரிக்கும், மூட்டுக்குள் போனால் வெளியே எடுப்பது சிரமம்.

அலகை மரக்கட்டையின் மேல் கிடத்தி, மணிக்கட்டு அதே உயரத்தில் இருக்கும்படி பக்கத்தில் இன்னொரு கட்டை. கத்தியில் கையெழுத்து கோணலாவதற்குப் பெரும்பாலும் இந்த உயர வித்தியாசம்தான் காரணம். அலகின் அளவுக்குக் கோடு போட்ட காகிதத் துண்டில் ஆசான் முதலில் எழுதிப் பார்த்தார். பிறகு தன் கீறூசியையே எடுத்தார். பூச்சுக்கு அவ்வளவு கூர்மை தேவையில்லை என்று மருமகன் தையல் ஊசியை நீட்ட, தன் ஊசிதான் தனக்குப் பழக்கம் என்று சொல்லிவிட்டார். முதல் தடவை சுழி வாய்ப்பக்கம் இறங்கிவிட்டது. அசிட்டோனால் துடைத்து மறுபடி பூசிக் கொடுத்தோம். அடுத்தது அவருக்கே பிடித்துவிட்டது.

மின்கலத்தைப் பிடித்தது மருமகன், பஞ்சை ஒற்றியது ஆசான். அதைத் தன்னிடம் கொடு என்று அவரே கேட்டு வாங்கினார். கோடு சாம்பல் நிறத்தில் இறங்கியது. கறுப்பாக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்கள் இருவரும். சரிவாகப் பிடித்தால்தான் தெரிகிறது, எனக்கென்றால் இன்னும் கொஞ்சம் கறுப்பாக வேண்டும். அது அவர்கள் கத்தி.

பிறகு சோடா உப்புக் கரைசலில் துடைத்து, நிறையத் தண்ணீரில் கழுவி, பூச்சை அசிட்டோனால் எடுத்து, காயவைத்து, மூட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய். ஆப்பிள் வெட்டும் கத்திதானே, அதனால் உணவுக்கு ஒவ்வாத எண்ணெய் எதுவும் போடவில்லை.

இதற்கிடையில் அக்காவிடமிருந்து போன். "கத்தியைக் கையிலை குடுக்க விடாதை. மேசையில வைக்கச் சொல்லு, அவன் எடுக்கட்டும்." ஆசானிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. இங்கேயும் கத்தியைச் சும்மா கொடுத்தால் உறவு வெட்டுப்படும் என்பார்கள், வாங்குபவர் ஒரு சில்லறைக் காசாவது கொடுக்க வேண்டும். கத்தி மருமகனுடையது, கையெழுத்து ஆசானுடையது, யார் யாருக்குக் காசு கொடுப்பது என்று சிறிது நேரம் வழக்கு நடந்தது. கடைசியில் மருமகன் ஐந்து ராப்பன் வைத்தான், ஆசான் கத்தியை மேசையில் வைத்தார்.

இப்போது அவனோடு பயிற்சி முடித்த இன்னொரு பிள்ளைக்கும் அதே ஆசை வந்திருக்கிறது. அவனிடம் இருப்பது சிவப்புப் பிடி ஸ்பார்டன். அலகில் எழுத ஒரு தடையும் இல்லை. ஆனால் செல்லிடோர் அசிட்டோனில் கரையும் பிளாஸ்டிக், நெயில் பாலிஷ் நீக்கியின் ஒரு துளி பட்டாலே பளபளப்பு போய் மங்கிவிடும். நாடா சுற்றினாலும் அடியில் கசியும். அதனால் அவனுக்கு வேறு ஏற்பாடு சொல்லியிருக்கிறேன்: பூச்சுக்கு நெயில் பாலிஷுக்குப் பதிலாக உருக்கிய தேன்மெழுகை மெல்லியதாகத் தடவுவது, வேலை முடிந்ததும் வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து எடுப்பது. மெழுகில் கோடு கொஞ்சம் தடிப்பாக வரும், அதனால் கையெழுத்தைச் சற்றுப் பெரிதாகப் போடச் சொல்ல வேண்டும்.